பதினான்காம் நாள்

மாமனார் தம்புசாமி இறந்து பன்னிரண்டாம் நாள் சாயங்காலம். பதினாறாம் நாள் காரியத்தைப் பதினான்காம் நாளே முடித்துவிடப் போகிறார்கள் என்ற செய்தியை நிர்மலாதேவிக்குச் சொன்னது அவளுடைய ஏழு வயது மகள்.

வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திவ்யதர்ஷினி பிஸ்கட்டைக் கடித்தபடி ஓடிவந்தாள்.

"அம்மா, வெள்ளிக்கெழமை நான் ஸ்கூல் போக வேணாம். தாத்தாவுக்குக் கடல்ல சாமி கும்புடுறோம். சித்தப்பா சொன்னாரு."

"ஞாயித்துக்கெழமைடா அது."

"இல்ல, மாத்திட்டாங்க."

நிர்மலா ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆயர் குரோ பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வைவா. ஐந்து வருடம் பகுதி நேரமாகப் படித்த முதுகலையின் கடைசிப் படி. மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், இவள் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தாள். முதல் முறை திவ்யாவுக்குக் கை கால் வாய்ப்புண் நோய். இரண்டாவது முறை மாமனார் கட்டிலிலிருந்து விழுந்தார். மூன்றாவது முறை அவரை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். நான்காவது தேதியோடு வந்த கடிதத்தில், இந்த மாதத்தோடு அவளுடைய படிப்புக் காலம் முடிகிறது, இனி நீட்டிக்க வழியில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை போகாவிட்டால் ஐந்து வருடமும் போயிற்று.

இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுப்படியில் இருந்த ஐஸ்பெட்டிக் கதவில் அந்தக் கடிதத்தைக் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். அதன் பக்கத்திலேயே மாமனாரின் அட்டவணை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்குக் கஞ்சி, எத்தனை மணிக்கு மருந்து, எப்போது புரட்டிப் படுக்க வைத்தது, செய்தது யார் என்று கட்டம் போட்ட தாள். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் கிடந்தார் மனிதர். செய்தவர் பெயருக்கான கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'நி', 'நி', 'நி' என்று அவளுடைய எழுத்துதான் ஓடியது. நடுநடுவே மாமியாரின் 'ரா'. தப்பித்தவறிக் கணவனின் ஒரு 'ஹ'.

முன்கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மாமியார் ராஜம்மா கீழே பாயில். கணவன் ஹரிதாஸ் நாற்காலியில். கொழுந்தன் யுகேந்திரன் சோபாவில் கால் நீட்டிக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் வேலை, ஜொகூரில் வீடு. அப்பா இறந்த அன்று வந்தவன் இன்னும் திரும்பவில்லை.

"காரியத்த வெள்ளிக்கெழமைக்கு மாத்தினது யாரு?" என்றாள் நிர்மலா.

ஹரிதாஸ் கூரையில் சுழலும் காற்றாடியைப் பார்த்தான்.

"நான்தான் அண்ணி," என்றான் யுகேந்திரன். "ஞாயித்துக்கெழமை வச்சா, முடிச்சிட்டு நான் அன்னிக்கே கெளம்பணும். ஜொகூர் ஹைவேல ஜாம் தெரியும்ல? நாலு மணி நேரம். திங்கக்கெழமை வேல வேற. வெள்ளிக்கெழமை முடிச்சா சனிக்கெழமை காலைல ஃபிரீயா போயிடலாம்."

"ஜாமா?"

"ஆமா லா. நீங்க ஒரு நாள் அங்க வந்து நின்னு பாருங்க."

நிர்மலா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கெழமை என்ன நாள்னு உங்களுக்குத் தெரியாது?"

"தெரியும் நிர்மலா. அவன் ஏற்கெனவே காரியம் செய்யுற பண்டாரத்துக்கிட்ட சொல்லிட்டான். நீ யூனிவர்சிட்டிக்கு ஒரு போன் போட்டுக் கேளேன். சாவு வீடு, மாட்டேன்னா சொல்லப்போறாங்க?"

"மூணு தடவ கேட்டாச்சி. ஐஸ்பெட்டில ஒட்டியிருக்கே, படிச்சீங்களா?"

"அதான், இன்னொரு தடவ..."

ராஜம்மா தலையை நிமிர்த்தினார். "பரீட்சை எப்ப வேணா எழுதலாம்மா. செத்த மனுசனுக்கு ஒரு தடவதான் செய்ய முடியும். மூத்த மருமக இல்லாம படையல் போட்டா சனம் சிரிக்காது? தீட்டு கழியறதுக்கு முன்ன இப்படி ஒரு காரியத்துக்குப் போவாங்களா?"

"நாலாம் நாள் நான் வேலைக்குப் போனேனே அத்தை, அன்னிக்கித் தீட்டு எங்க போயிருந்திச்சி?"

"அது வேல."

"எட்டாம் துக்கத்த ஏழாம் நாளு வச்சீங்க. பதினாறு பதினாலாச்சு. இந்த வீட்டுல வெள்ளிக்கெழமை முட்டை கூட ஒடைக்க விடமாட்டீங்க. இப்ப அன்னிக்கித்தான் ஆட்டுக்கறி ஆக்கிப் படைக்கப் போறீங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"இந்த ஒரு வெள்ளிக்கெழமை பரவால்லன்னு பண்டாரமே சொல்லிட்டாரு," என்றான் யுகேந்திரன். "அப்பாவுக்கு ஆட்டுக்கறின்னா உயிர். கறியும் ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும் வச்சாத்தான் அவரு ஆத்மா சாந்தியாவும்."

இரண்டு வருடமாக அந்த மனிதருக்குத் தண்ணீர்கூட நேராகத் தொண்டையில் இறங்காது. குடிக்கிற கோப்பியில் மாவு கலந்து, கூழாக்கி, தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கூழ்க் கோப்பிக்குத்தான் அவர் நாலு மணி ஆனால் கண்ணால் வாசலைத் தேடுவார். யுகேந்திரனுக்கு அது தெரியாது. வருடத்துக்கு இரண்டு முறை வந்து, கட்டிலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு போனவனுக்கு எப்படித் தெரியும்?

"அப்ப சனிக்கெழமை வைங்க," என்றாள். "முடிச்சிட்டு சாயங்காலம் கெளம்புங்க."

"சனிக்கெழமை கந்தசாமி அண்ணனுக்கு வேற எடத்துல காரியம் இருக்கு."

நிர்மலா அடுப்படிக்குப் போய்க் கைப்பேசியை எடுத்தாள். கந்தசாமிப் பண்டாரத்தின் எண் அவளிடம்தான் இருந்தது. சாவன்று அவரை அழைத்ததும் அவள்தான்.

"சனிக்கெழமையா? காலியாத்தானேம்மா இருக்கேன்," என்றார் அவர். "தம்பிதான் வெள்ளி வேணும், வெள்ளி வேணும்னு நின்னாப்ல. ஏம்மா, என்னா பிரச்சன?"

"ஒண்ணும் இல்லண்ணே. மருமக இல்லாம காரியம் நடக்கக் கூடாதுன்னு ஏதும் மொறை இருக்கா?"

"கொள்ளி வச்ச மவன் இருந்தா போதும்மா. மருமவ அடுப்படியில நிப்பா, அவ்ளோதான்."

அவ்வளவுதான். அவள் மறுபடி முன்கூடத்துக்கு வந்தாள். "சனிக்கெழமை அவரு காலியாத்தான் இருக்காராம்."

யுகேந்திரன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐயோ, நான் வெள்ளின்னு எல்லாருக்கும் வாட்சாப் அனுப்பிட்டேன் அண்ணி. அம்பது பேருக்கு மேல. இப்ப மாத்துனா அசிங்கம் லா."

"ஒரு மெசேஜ் அனுப்பி மாத்தினீங்க. இன்னொரு மெசேஜ் அனுப்பி மாத்துங்க."

"ஏன்ணே, நீ ஒண்ணும் சொல்லமாட்டியா?" என்று அவன் அண்ணனைப் பார்த்தான். ஹரிதாஸ் எழுந்து நின்றான். ஒரு கணம் அவன் பேசப்போகிறான் என்று நிர்மலா நினைத்தாள்.

"திவ்யாவுக்கு ரொட்டி வாங்கணும்," என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போய்விட்டான்.

அன்றைக்கு அவள் அதற்குமேல் பேசவில்லை. வியாழக்கிழமையும் பேசவில்லை. பதினைந்து வருட ஆஸ்பத்திரித் தாதி வேலை அவளுக்குக் கோபத்தை விழுங்கப் பழக்கியிருந்தது. வார்டில் கத்துகிற நோயாளியிடமும் அவரைவிட அதிகமாகக் கத்துகிற உறவினரிடமும் ஒரே குரலில் பேசுவாள். வீட்டிலும் அதே குரல்தான். அவள் அமைதியாக இருப்பதைப் பார்த்து, வழிக்கு வந்துவிட்டாள் என்று வீட்டார் எண்ணிக்கொண்டார்கள். யுகேந்திரனின் மனைவி வாணி வியாழக்கிழமை ஜொகூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினாள். "அக்கா, கறிக்கு எத்தனை கிலோ மசாலா போடணும்?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது வாணி, நாளைக்கி நான் இல்ல," என்றாள் நிர்மலா. வாணி சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள் போல.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிர்மலா குளித்து, கரும்நீலப் பாஜு கூரோங் உடுத்தி, ஆய்வேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் நின்ற அவளுடைய காடிக்குப் பின்னால், கேட்டை அடைத்தபடி, யுகேந்திரனின் பெரிய வெள்ளைக் காடி நின்றது.

அவன் வாசற்படியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"காடிய எடுங்க யுகேன். நான் கெளம்பணும்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நெசமாவே போறீங்களா?"

"காடிய எடுங்க."

"எட்டேகாலுக்குப் பீச்சுக்குப் போவோம்ல, அப்ப எடுக்குறேன். இப்ப எடுத்தா எங்க போடுறது? ரோடெல்லாம் சொந்தக்காரங்க காடி."

தஞ்சோங் கிளிங் கரையோரச் சாலையில் காலை நேரத்தில் எப்படி ஊர்ந்துதான் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எட்டேகாலுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் ஆயர் குரோவில் இருக்க முடியாது. அது வெள்ளிக்கிழமை வேறு. பன்னிரண்டுக்குத் தேர்வாளர்கள் ஜும்ஆத் தொழுகைக்கு எழுந்துவிடுவார்கள். பிந்தி வந்தவளுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை.

ஏழு நாற்பதுக்கு மறுபடி கேட்க வந்தாள். அவன் குளிக்கப் போயிருந்தான். சாவி எங்கே என்று வாணியைக் கேட்டாள். அவர் சிலுவார் பையில் இருக்கும், கழற்றிய சிலுவார் குளியலறைக்குள்ளே இருக்கிறது என்றாள் வாணி, தரையைப் பார்த்துக்கொண்டே. ஹரிதாஸ் பூசைச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வேட்டியில் அவன் அப்பாவைப் போலவே இருந்தான்.

"கதவத் தட்டி சாவிய வாங்கிக் குடுங்க."

"வந்திடுவான் லா நிர்மலா. அஞ்சு நிமிசம். இன்னிக்கி ஏன் சண்ட?"

"நான் சண்ட போடவே இல்லியே," என்றாள் அவள். அப்போதும் அதே குரல்தான்.

போய்த் தன் காடியில் உட்கார்ந்தாள். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். இடுப்பு வாரைக்கூடப் போட்டுக்கொண்டாள். பிறகு வலது உள்ளங்கையை ஹாரன் மேல் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை.

துக்க வீட்டு வாசலில் அந்தச் சத்தம் ஒரு மிருகத்தின் ஊளையைப் போலக் கிளம்பியது. முதலில் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா வெளியே வந்தார். பிறகு கூடாரத்தின் கீழே நாற்காலிகளில் இருந்த உறவுக்காரர்கள் எழுந்தார்கள். "யாரு அது? என்னா ஆச்சி?" ராஜம்மா தலைமுடி அவிழ்ந்தபடி ஓடிவந்தார். "ஏய், நிறுத்து! சாவு வீடுடி இது! நிறுத்து!" ஹரிதாஸ் கண்ணாடியைத் தட்டினான். உதடு அசைவது தெரிந்தது. அவன் என்ன சொல்கிறான் என்று அவள் கேட்க விரும்பவில்லை. கை வலித்தது. இன்னும் அழுத்தினாள். மூன்று வருடம், நான்கு வருடம், ஐந்து வருடம் அந்தக் கைக்குள் இருந்தது. அடுப்படியில் ஒரு கையால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டு மறு கையால் குறிப்பெழுதிய சாயங்காலங்கள் இருந்தன. 'உனக்கு எதுக்கு இந்த வயசுல படிப்பு' என்று கேட்ட ஒவ்வொரு வாயும் இருந்தது.

யுகேந்திரன் தலையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு வெளியே வந்தான்.

"அண்ணி! மானத்த வாங்காதீங்க!"

அவள் கண்ணாடியை இறக்கினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

"காடி!" என்று கத்தினாள். பதினைந்து வருடத்தில் அந்தத் தாமான் குடியிருப்பில் யாரும் அவள் கத்திக் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

ஐம்பது பேர் பார்க்க, துண்டோடு, நுரையோடு, அவன் காடியைப் பின்னால் எடுத்தான்.

ஆயர் குரோவில் அவள் ஒன்பதுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அறைக்குள் நுழைந்தாள். உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. பக்கவாதம் வந்தவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் முப்பத்தோரு குடும்பங்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அட்டவணை கொடுத்து, யார் என்ன செய்தார்கள் என்று மூன்று மாதம் எழுத வைத்திருந்தாள். முப்பத்தோரு வீட்டில் இருபத்தொன்பது வீட்டில் எல்லாக் கட்டத்திலும் ஒரு பெண்ணின் எழுத்தே இருந்தது. மகளோ, மனைவியோ, பெரும்பாலும் மருமகளோ.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர். நரைத்த புருவத்தை உயர்த்திக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். புள்ளிவிவரத்தில் இரண்டு இடத்தைக் குடைந்தார். அவள் பதில் சொன்னாள். பிறகு அவர் புத்தகத்தை மூடிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். இவ்வளவையும் கண்டிருக்கிறாய், ஆனால் எழுத்தில் ஒரு இடத்தில்கூடக் குரல் உயரவில்லையே, ஏன்?

"இத எழுதும்போது என் மாமனார் பக்கத்து ரூம்ல இருமிக்கிட்டு இருந்தாரு சார்," என்று அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். "இருமல் நின்னா எழுந்து போய்ப் பாக்கணும். கோவப்பட்டா அது காதுல விழாது."

அவர் தலையாட்டிவிட்டு மற்ற இருவரையும் பார்த்தார்.

பதினொன்றரைக்கு முடிவைச் சொன்னார்கள். சிறு திருத்தங்களோடு தேர்ச்சி. மூன்று மாத அவகாசம். காடிக்குள் வந்து உட்கார்ந்து அழலாம் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. பசி வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது ஒன்றரை மணி. வாசலில் எல்லோரும் மதிலைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். வாழையிலையில் சோறு, ஆட்டுக்கறி, முட்டை, பக்கத்தில் திறந்து வைத்த ஸ்டவுட் போத்தல். அதிலிருந்து எடுத்து வைத்த ஒரு பங்கு மதில்மேல் காய்ந்துகொண்டிருந்தது. காக்காய் எடுத்த பிறகுதான் வீட்டார் கை நனைக்கலாம். காக்காய் வரவில்லை.

"பன்னெண்டரைலேருந்து நிக்கிறோம்," என்றான் ஹரிதாஸ், அவள் கண்ணைப் பார்க்காமல்.

"எப்படி வரும்?" என்றான் யுகேந்திரன். "காலைல ஹாரன் அடிச்சே அப்பாவ வெரட்டிட்டாங்கல்ல."

யாரோ ஒருவர் சிரித்தார். கூட்டத்திலிருந்த ஒரு அத்தை, "மூத்த மருமக கையால வச்சாத்தான் எடுக்கும். போம்மா, குளிச்சிட்டு வந்து நீ ஒரு பிடி வையி," என்றார்.

"போன மாசம் இந்தத் தாமான்ல மூணு நாளா நகராண்மைக் கழகத்து ஆளுங்க துப்பாக்கியோட வந்து காக்கா சுட்டாங்க," என்றாள் நிர்மலா. "நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. இங்க இருந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும் யுகேன்."

அவள் உள்ளே போனாள். ராஜம்மா பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. கை விரல்கள் நடுங்கின. ஒரு பார்வையிலேயே நிர்மலாவுக்கு விளங்கிவிட்டது.

"அத்தை, காலைல இன்சுலின் போட்டீங்களா?"

ராஜம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சாப்ட்டீங்களா?"

"காக்கா... எடுக்கலியே..."

அவளுடைய கால் தானாக அடுப்படிப் பக்கம் திரும்பியது. இரண்டு அடி நடந்தவள் நின்றாள். திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"யுகேன்! இங்க வாங்க. அம்மாவுக்கு ரத்தத்துல சீனி எறங்கிடிச்சி. மைலோ கலந்து எடுத்துட்டு வாங்க, மூணு கரண்டி சீனி. உடனே."

அவன் அடுப்படிக்குள் ஓடினான். ஒரு அலமாரியைத் திறந்தான், மூடினான். இன்னொன்றைத் திறந்தான். "மைலோ எங்க இருக்கு?"

"உங்க அம்மா வீடுதானே. தேடுங்க."

டின்கள் உருளும் சத்தம் கேட்டது. ராஜம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி நிர்மலா உட்கார்ந்திருந்தாள். தன் பையில் எப்போதும் இருக்கும் இனிப்பு மிட்டாயை மாமியாரின் வாயில் வைத்தாள். அதை மட்டும் செய்தாள். ஹரிதாஸ்தான் கடைசியில் உள்ளே போய் மைலோ டின்னைக் கண்டுபிடித்தான். யுகேந்திரன் கலக்கிக்கொண்டு வந்தான். வந்த வேகத்தில் பாதியைச் சட்டையில் ஊற்றியிருந்தான்.

"தலையத் தூக்கிப் புடிங்க. கொஞ்சம் கொஞ்சமா. நான் சொல்லமாட்டேன், நீங்களே பாத்துக் குடுங்க."

ராஜம்மா இரண்டாவது மகனின் கையிலிருந்து குடித்தார். கொஞ்ச நேரத்தில் வியர்வை அடங்கியது. கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தார்.

நிர்மலா எழுந்தாள். ஐஸ்பெட்டிக் கதவிலிருந்து தம்புசாமியின் தாளை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கட்டம் போட்ட புதுத்தாள் ஒன்றை அதே காந்தத்தில் மாட்டினாள். தலைப்பில் 'அம்மா' என்று எழுதினாள். முதல் வரியில் நேரம் எழுதினாள். மைலோ என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டுப் பேனாவை யுகேந்திரனிடம் நீட்டினாள்.

"இது என்னா?"

"நீங்க செஞ்சீங்கல்ல. எழுதுங்க."

"அண்ணி, நாளைக்கி நான் கெளம்பிடுவேன்..."

"தெரியும். ஜாம் இருக்காது. அடுத்த வெள்ளிக்கெழம சாயங்காலக் கட்டத்துக்குத் திரும்பி வந்துடுங்க." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "மத்த நாள் உங்களது. எனக்குத் திருத்தம் எழுத மூணு மாசம் இருக்கு."

பேனா இருவருக்கும் நடுவே நின்றது. கடைசியில் ஹரிதாஸ் அதை வாங்கித் தம்பியின் கையில் கொடுத்தான். யுகேந்திரன் சுவரைப் பார்ப்பதுபோல் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நிர்மலா கை கழுவினாள். இரண்டு தட்டு எடுத்துச் சோறு போட்டு, கறி ஊற்றி, வாசலில் நின்ற எல்லோரும் பார்க்கக் கூடத்தில் உட்கார்ந்தாள். திவ்யதர்ஷினியைக் கூப்பிட்டாள்.

"அம்மா, காக்கா இன்னும் சாப்டல," என்றாள் குழந்தை, பயந்துபோய்.

"உனக்குப் பசிக்குதா இல்லியா?"

"பசிக்குது."

"அப்ப உக்காரு."

குழந்தை உட்கார்ந்தாள். ஒரு வாய் மென்றுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, பாஸா?"

அந்த வீட்டில் அதுவரை அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

"பாஸ்," என்றாள் நிர்மலா வாயில் சோற்றோடு. மதில் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.